எட்டின் வடக்கு வட்டம்

பரமகல்யாணி மதினியின் சர்க்கரைக்காக மொட்டை மாடியில் போட்டிருந்த எட்டின் வடக்கு வட்டம் ஒரு காட்டுக்குள் போய்த் திரும்புகிறது என்று தெரியவந்த அன்று, குறிஞ்சி அடுக்ககத்தில் முதலில் எழுந்த கேள்வி, அங்கே செருப்புப் போட்டுக்கொண்டு போகலாமா கூடாதா என்பதுதான். காடு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கோவில்பட்டிக்குத் தெற்கே, நாலுவழிச் சாலையை ஒட்டி, கரிசல் வெடித்துக் கிடக்கும் அந்த வெட்டவெளியில் மழை ஒருநாளும் சொல்லிக்கொண்டு வந்ததில்லை, குழாய்த் தண்ணீரும் சொல்லிக்கொண்டு வந்ததில்லை, அதனால் எது வந்தாலும் வரும்போதே பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே எல்லோருக்கும் இருந்தது.

எட்டைப் போட்டவள் செண்பகம். முதல் மாடியில் குடியிருப்பவள், ஊருக்குள் காஜா பாயின் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். குனிந்து கோடு இழுக்க முதுகு இடம் கொடுக்கிற வயது என்பதால், அடுக்ககச் சங்கத்தின் செயலாளரான மதினி அவளைக் கூப்பிட்டிருந்தாள். சர்க்கரை உள்ளவர்கள், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், முட்டி வலிக்காரர்கள் என்று அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் மொட்டை மாடியில் எட்டுப் போட்டு அதன்மேல்தான் நடந்தார்கள். தெற்கே ஒரு வட்டம், வடக்கே ஒரு வட்டம், நடுவில் கோடு கோட்டை வெட்டிக்கொண்டு, காலையில் ஒரு பக்கமாகவும் சாயங்காலம் மறுபக்கமாகவும். சாலையில் இறங்கி நடக்கத் தைரியம் யாருக்கும் கிடையாது. மதுரையிலிருந்து வருகிற வண்டிக்கும் திருநெல்வேலியிலிருந்து வருகிற வண்டிக்கும் நடுவில் அங்கே ஓர் ஆட்டுக்குட்டிக்குக்கூட இடம் இல்லை. செண்பகம் காவிப்பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பழந்துணியில் தோய்த்து இழுத்தாள். வடக்கே தண்ணீர்த் தொட்டி குறுக்கிட்டதால் அந்த வட்டத்தைக் கொஞ்சம் நீட்டி, தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய்த் திருப்பினாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

முதல் சுற்றில் மதினி தொட்டிக்குப் பின்னால் போய்த் திரும்பியபோது பாதம் நனைந்திருந்தது. “தொட்டி ஒழுகுது, பிளம்பரக் கூப்பிடணும்” என்றாள். அடுத்த சுற்றில் சேலைக் கரை முழுக்க ஒட்டுப்புல். “இந்த மாடியக் கூட்டி எத்தன மாசமாச்சு?” என்றாள். அதற்கடுத்த சுற்றில் வருவதற்குத் தாமதமானது, வந்தபோது கொண்டையில் ஈர இலை ஒன்று ஒட்டியிருந்தது, முகம் தூங்கி எழுந்த பிள்ளையின் முகம்போலத் தெளிந்திருந்தது. “ஏட்டி செம்பகம், தொட்டிக்குப் பின்னால காடுல்லா இருக்கு. வெறுங்காலோட போனா முள்ளு குத்துமோ?”

பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தால் காடு தெரியாது. கருப்புத் தொட்டியும் குழாய்களும் கைப்பிடிச் சுவரும் அதற்கு அப்பால் வெயிலும்தான் தெரியும். கோட்டின்மேல் நடந்து போனால்தான் உண்டு. தொட்டியின் நிழல் காலில் விழுகிற இடத்தில் சூடு சட்டென்று அறுந்துபோகும், சிமெண்டு மண்ணாகும், மண் சருகாகும், இரண்டு பக்கமும் மரங்கள் நெருங்கி நிற்கும், எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும், ஒரு பறவை எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல நிறுத்தும், பாதை வளையும், வளைந்து முடிகிற இடத்தில் கொடிக்கம்பியும் அதில் காயும் யாரோ ஒருவருடைய பாவாடையும் வெள்ளை வெயிலில் நிற்கும். மறுபடியும் மாடி.

சங்கம் கூடியது. செருப்பு அவரவர் விருப்பம் என்று முடிவானது. காட்டுக்குள் யாரும் நிற்கக் கூடாது, நின்றால் பின்னால் வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்பது மதினி போட்ட விதி. கொடியில் துணி காயப்போடுகிறவர்கள் கோட்டை மிதிக்காமல் போடவேண்டும். வடகத்தைத் தெற்குப் பக்கமாகப் பிழிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் வடக்கே பிழிந்தது காயாமல் போய் அதில் எறும்பு வந்திருந்தது, அந்த எறும்பு இந்தப் பக்கத்து எறும்பு இல்லை. இவ்வளவு பேசிய பிறகும் பெரிய குறை என்று எல்லோரும் சொன்னது ஒன்றைத்தான். செல்போனில் நடையைக் கணக்கிடும் எண் காட்டுக்குள் போனதும் நின்றுவிடுகிறது. “பாதி நடை வீணாப் போகுதே” என்று மதினி வருத்தப்பட்டாள். அதனால் காட்டை வேகமாகக் கடந்து, மாடிக்கு வந்து, கணக்கில் சேரும்படி நிதானமாக நடந்தார்கள்.

அப்படி ஓடிக் கடந்தும்கூட அவர்களுக்கு என்னவோ ஆகிக்கொண்டுதான் இருந்தது. காடு யாருடைய சர்க்கரையையும் ஒரேயடியாக இறக்கிவிடவில்லை. மதினி மாத்திரையை வழக்கம்போல விழுங்கினாள், வழக்கம்போல ரத்தம் குத்திப் பார்த்தாள், எண் கொஞ்சம் இறங்கியது, கல்யாண வீட்டுக்குப் போய் வந்த மறுநாள் ஏறியது. ஆனால் கீழ் வீட்டில் காலை தவறாமல் கேட்கிற தட்டு எறியும் சத்தம் கேட்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பெண் ஒருத்தி நகம் கடிப்பதை விட்டுவிட்டாள், விட்டுவிட்டதை அவளே கவனிக்கவில்லை. பகலில் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தவர்கள் ராத்திரி தூங்கினார்கள். வாட்ஸ்அப் குழுவில் யாருடைய வண்டி யாருடைய இடத்தில் நிற்கிறது என்ற சண்டை மெலிந்து, அங்கே கேட்ட பறவைக்கு என்ன பெயராக இருக்கும் என்ற சண்டை தொடங்கியது.

முதலில் கண்டுபிடித்தவர் காஜா பாய். “என்னம்மா செம்பகம், ஒங்க பில்டிங்குல எல்லாருக்கும் என்னாச்சு? தூக்க மாத்திரைக்கும் நெஞ்செரிச்சலுக்கும் ஒருத்தரும் வரக் காணோமே. வேற கடைக்குப் போயிட்டாங்களா?”

“மாடியில நடக்காங்க பாய்.”

“அப்ப நானும் கடையச் சாத்திட்டு வந்து நடக்க வேண்டியதுதான்” என்ற பாய், சிரித்து முடிக்கும் முன்பே அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்தக் கட்டடத்தில் இன்னும் தூக்க மாத்திரை வாங்குகிறவள் அவள் ஒருத்திதான்.

மாத்திரை அவள் கணவர் ஆவுடையப்பனுக்கு. அவர் நூற்பாலை ஒன்றில் ஆள் ஏற்றுகிற பஸ் ஓட்டினார். ஒரு சாயங்காலம், வீட்டுக்கு முன்னால் போகிற இதே சாலையில், சைக்கிளில் வந்த ஒருவர் நடுத்தடுப்பின் இடைவெளியிலிருந்து இவர் பஸ்ஸுக்குக் குறுக்கே திரும்பினார். அவர் பிழைக்கவில்லை. ஆவுடையப்பன்மேல் தப்பு இல்லை என்று போலீஸ் சொன்னது, ஆலை சொன்னது, செத்துப்போனவருடைய அண்ணனே வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்ட மனிதர், அதன்பிறகு நிலைப்படியைத் தாண்டவில்லை. ஜன்னலைச் சாத்தி, நாற்காலியைச் சுவர் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். டம்ளர் பிடிக்கையில் கை நடுங்கியது. சாலையில் ஹாரன் கேட்டால் வலது கால் தரையை அழுத்தியது, அங்கே பிரேக் இருப்பதுபோல.

டாக்டர் செண்பகத்திடம் தெளிவாகவே சொன்னார். “மாத்திரை தூங்க வைக்கும்மா. முழிச்சிருக்கும்போது அவர் பார்க்கிறதுக்கு ஏதாவது வேணும். தினமும் கொஞ்ச நேரம் வெளியில, மரம் செடி இருக்கிற இடமாக் கூட்டிட்டுப் போங்க. மாத்திரைய நிறுத்தாதீங்க, ஆனா அத மட்டும் நம்பிட்டும் இருக்காதீங்க.” நல்ல வார்த்தைதான். ஆனால் குறிஞ்சி அடுக்ககத்திலிருந்து எந்த மரத்துக்குப் போவதானாலும் அந்தச் சாலையைக் கடந்துதான் போகவேண்டும்.

அதனால் காட்டைப் பற்றிக் கேட்டதும் மற்றவர்கள் செருப்பைப் பற்றி யோசித்தபோது, செண்பகம் யோசித்தது இதைத்தான்: சாலையில் கால் வைக்காமல் போகக்கூடிய ஒரு காடு.

சொல்லிப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி, “பெறவு பாப்போம்” என்றார். ஒருநாள் கையைப் பிடித்துப் படிக்கட்டு வரைக்கும் கூட்டிப்போனாள். அந்தக் கட்டடத்துப் படிகள் திரும்புகிற இடமெல்லாம் காற்றுக்காகக் கம்பிச் சட்டம் வைத்திருந்தார்கள். கம்பிக்கு வெளியே சாலை முழு நீளத்துக்கும் கிடந்தது. முதல் திருப்பத்திலேயே ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஆவுடையப்பன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பி வீட்டுக்குக் கொண்டுவர மதினியும் வந்து ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு செண்பகம் கூப்பிடவில்லை. தான் மட்டும் காலையில் நடந்தாள்.

நடந்துவிட்டு வந்து அவருக்குக் காப்பி கொடுக்கக் குனிந்த ஒருநாள், அவர் டம்ளரை வாங்காமல் அவள் சேலைக் கரையைப் பார்த்தார். ஒட்டுப்புல் அப்பியிருந்தது. கையை நீட்டி ஒன்றைக் கிள்ளி எடுத்தார். பிறகு இன்னொன்றை. கொக்கி துணியைக் கிழித்துவிடாதபடி, நகத்தால் பின்பக்கமிருந்து தள்ளி, ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலிக் கையின்மேல் வரிசையாக வைத்தார். காப்பி ஆறிப்போனது. அவள் அசையாமல் நின்றாள், ஏனென்றால் அவர் விரல்கள் நடுங்கவில்லை.

மறுநாளும் எடுத்தார். அதற்கடுத்த நாள், நடந்துவிட்டு வருகிற காலடி கேட்டதும் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“இது ஒட்டுப்புல் இல்ல” என்றார் ஒரு காலை. உள்ளங்கையில் சின்ன முள்முள்ளான விதை ஒன்று இருந்தது. “இது இந்தப் பக்கம் வளராது. பாபநாசத்துக்கு ட்ரிப் அடிக்கும்போது பாத்திருக்கேன். வண்டி டயர்லகூட ஒட்டிட்டு வரும்.”

வண்டி என்ற சொல்லை அவர் அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு சொன்னது அதுதான் முதல் தடவை. செண்பகம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், “அப்படியா” என்று மட்டும் சொன்னாள்.

“அங்க ஓடை ஏதும் இருக்கோ?”

“சத்தம் கேக்கு.”

“எந்தப் பக்கமிருந்து?”

“நிக்கக் கூடாதுன்னு மதினி ரூலு. நடந்துக்கிட்டே கேட்டா எந்தப் பக்கம்னு தெரிய மாட்டேங்கு.”

“நின்னு பாக்க வேண்டியதானே?” என்றார் கோபமாக. கோபமும் புதிதுதான்.

மறுநாள் அவள் நின்றாள். பின்னால் வந்த மதினி முதுகில் வந்து மோதினாள். “ஏட்டி, என்ன பஸ் ஸ்டாப்பா இது? போ, போ.” செண்பகம் ஓரமாக ஒதுங்கி மதினியைப் போகவிட்டு நின்றபோது, பாதை தனக்குத்தானே நீண்டுகொள்வதைப் பார்த்தாள், வேகமாக நடக்கிறவர்களுக்கு நாலெட்டில் முடிந்துபோகிற காடு, நிற்கிறவளுக்கு அவசரமில்லாமல் உள்ளே உள்ளே திறந்துகொண்டே போனது. மூச்சு தானாக இறங்கி வயிறு வரைக்கும் போனது. பில் போடுகிற வேகத்தில் மனத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் கணக்குகள், வாடகை, கேஸ், அவருக்கு அடுத்து என்ன ஆகுமோ என்பது, எல்லாமே இருக்கிற இடத்தில் இருந்துகொண்டு சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டன. ஓடைச் சத்தம் இடது பக்கம், சரிவுக்குக் கீழே இருந்து வந்தது. அவள் போய்ப் பார்க்கவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. பார்த்துவிட்டால் வீட்டில் போய்ச் சொல்லவேண்டி வரும், சொல்லிவிட்டால் அவர் மேற்கொண்டு எதையும் கேட்கமாட்டார்.

“இடது பக்கம்” என்றாள் வீட்டில். “பள்ளத்துல.”

“எவ்ளோ பள்ளம்?”

“பாக்கல.”

அவர் உச்சுக் கொட்டிவிட்டு, அவள் சேலையிலிருந்து ஒரு விதையைக் கிள்ளினார்.

இப்படியே போயிருந்தால் எந்த அவசரமும் இருந்திருக்காது. ஆனால் மூன்றாவது மாடியில், தொட்டிக்கு நேர் கீழே, ஞானதிரவியம் சார் குடியிருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தனியாள். கொளுத்தும் சித்திரையில் ஊரெல்லாம் வறண்டு கிடக்க, அவர் வீட்டுக் கூரை ஒழுகியது. முதலில் சொட்டு, பிறகு நூல், பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் பக்கெட், அதற்குப் பக்கத்தில் அண்டா. ஃபேன் கொக்கியைச் சுற்றிப் பாசி பிடித்து, பாசியிலிருந்து சுருண்ட தளிர் ஒன்று தலைகீழாக எட்டிப் பார்த்தது. குளியலறையில் ஒரு தவளை வந்து, போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. அந்தத் தண்ணீர் தெளிவாக, லேசாக இலை மணத்தோடு, கேன் தண்ணீரைவிட ருசியாக இருந்தது என்று யாரோ குடித்துப் பார்த்துச் சொல்ல, காலையில் அவர் வாசலில் குடங்கள் வரிசையாக வந்தன. சார் எரிந்து விழுந்தபடியே எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். வருகிறவர்களை உட்காரச் சொல்லிக் கணக்குப் பரீட்சைகளின் பழைய கதைகளையும் சொன்னார்.

ஆனால் ஒரு காலை, அவர் காப்பி போட எழுந்து போன நேரத்தில், கூரையிலிருந்து பலகை அளவுக்குக் காரை பெயர்ந்து தலையணைமேல் விழுந்தது. அதைத் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்கு வந்து, மேசைமேல் வைத்து அவிழ்த்தார்.

“உங்களுக்கு அது காடு” என்றார். “எனக்கு அது சீலிங்.”

மதினிகூடத் தலையைக் குனிந்துகொண்டாள். மொட்டை மாடி முழுக்க ஒழுகாத வெள்ளைப் பூச்சுப் பூசிவிடுவது, திங்கட்கிழமை காலை ஆள் வருகிறது, கோட்டையும் சேர்த்து அழித்துத்தான் பூசவேண்டும் என்று முடிவானது. எட்டை வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். செண்பகம் ஏற்கெனவே தெற்கில் இன்னொன்று போட்டுப் பார்த்திருந்தாள். அது வெறும் எட்டாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஆவுடையப்பனிடம் சொன்னாள். “திங்கக்கெழம வெள்ளை அடிக்காங்க. அதோட சரி.”

அவர் எடுத்து வைத்திருந்த விதைகளை மாத்திரை டப்பாவின் மூடியில் போட்டு விரலால் கிளறிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“ஓடைய யாருமே பாக்கலையா?”

“இல்ல.”

“இத்தன பேரு போறீங்க. ஒருத்தர்கூடவா?”

“எல்லாரும் நடக்கத்தானேங்க போறாங்க.”

அவர் சோற்றைப் பிசைந்தார். பிசைந்த சோற்றையே மறுபடியும் பிசைந்தார். “படியில அந்தக் கம்பி வழியா ரோடு தெரியுதே” என்றார். குரல் உள்ளே போயிருந்தது. “அது தெரியலன்னா…”

செண்பகம் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் கீழே மதினி வீட்டுக்கு ஓடினாள். மதினி முழுதாகக் கேட்கவும் இல்லை. “கம்பிய அடைச்சுச் செவரு வைக்க முடியாது. மறைக்க முடியும்லா? துணி தொவைக்காத வீடு உண்டா இங்க?” என்று சொல்லிவிட்டு, வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு ஒன்றை அனுப்பினாள்: நாளைக்குக் காலையில எல்லாரும் பெட்ஷீட்டத் தொவச்சுப் படிக்கட்டுக் கம்பியில போடுங்க, எதுக்குன்னு கேக்காதீங்க, ஆவுடையப்பன் தம்பி மேல வாராரு.

திங்கட்கிழமை காலை படிக்கட்டு ஒரு கூடாரம்போல ஆகிவிட்டது. கட்டம் போட்டது, பூப் போட்டது, ரயில் படம் போட்ட குழந்தைகள் போர்வை, எல்லாமே கம்பியில் ஈரமாகத் தொங்கின. வெளிச்சம் அவற்றுக்குள் புகுந்து படிகளில் கலங்கலான வண்ணமாக விழுந்தது, சோப்பு மணம் வந்தது, சாலை எங்கோ இருந்தது. வீட்டுக் கதவுகளை எல்லோரும் சாத்தி வைத்திருந்தார்கள். ஆவுடையப்பன் நிலைப்படியில் நெடுநேரம் நின்றுவிட்டு, தண்ணீரில் இறங்குகிறவர்போல முதலில் ஒரு காலை வைத்தார். செண்பகம் ஒரு படி பின்னால் வந்தாள். தொடவில்லை. ஹாரன் சத்தம் கேட்டது, அதை எந்தப் போர்வையாலும் மறைக்க முடியாது. கேட்கும்போது அவர் நின்றார், போனபின் ஏறினார்.

மேல் திருப்பத்தில்தான் வந்தது வினை. ஞானதிரவியம் சாரின் வாசலுக்கு எதிரே இருந்த கம்பியில் ஒன்றும் இல்லை. அவர் வீட்டுப் போர்வைகளெல்லாம் தரையில் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கிடந்தன. திறந்த கம்பிக்கு அப்பால் சாலை வெயிலில் பளபளத்தது, தடுப்பின் இடைவெளி தெரிந்தது, ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஆவுடையப்பனின் வலது கால் படியை அழுத்தியது. திரும்பினார்.

அப்போது கதவு திறந்து, சொட்டச் சொட்ட ஒரு பெரிய போர்வையை அணைத்துக்கொண்டு சார் வெளியே வந்தார்.

“ஓய் டிரைவரே, ரிவர்ஸ் எடுத்துராதீரும். இதப் பிழிய எனக்கு ஒரு கை காணாது. அந்த முனையப் பிடியும்.”

ஆவுடையப்பன் பிடித்தார். முனையை நீட்டினால் பிடிக்கத்தானே வேண்டும். சார் ஒரு பக்கம் முறுக்க, இவர் மறுபக்கம் முறுக்கினார். ஸ்டியரிங் திருப்பிப் பழகிய மணிக்கட்டு, தானாகவே வலு எடுத்து முறுக்கியது. தண்ணீர் கொட்டிப் படிகளில் இறங்கியது. சார் தள்ளாடி, “மெல்ல வே, என்னையும் சேர்த்துப் பிழிஞ்சிராதீரும்” என்றார். பிறகு இரண்டு பேருமாகப் போர்வையை உதறிக் கம்பியில் விரித்தார்கள். சாலை மறைந்தது.

“இது எங்கேருந்து வருது, இவ்ளோ தண்ணி?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

“அதத்தான் நானும் கேக்கேன். மேல போறீருல்லா, பாத்துட்டு வந்து சொல்லும்.”

மாடியில் பூச்சுக்காரர்கள் வந்து டப்பாக்களைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆவுடையப்பன் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். செண்பகம் கோட்டைக் காட்டினாள். அவர் தெற்கு வட்டத்தை ஒழுங்காக, லைசென்ஸ் எடுக்க எட்டுப் போடுகிறவரைப்போல, கோடு தப்பாமல் சுற்றினார்; நடுவில் வெட்டிக் கடந்தார்; தொட்டியின் நிழலில் கால் வைத்தார்; இல்லாமல் போனார்.

செண்பகம் கொடிக்கம்பிப் பக்கம் போய் நின்றாள். மற்றவர்கள் திரும்புகிற நேரம் ஆனது. அவர் வரவில்லை. மதினி மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தாள், பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் என்று வந்து சுவரோரம் நின்றார்கள். வெயில் ஏறியது. பூச்சுக்காரர்களில் மூத்தவர் ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஆரம்பிக்கலாமா?”

“உள்ள ஆள் இருக்கு” என்றார் ஞானதிரவியம் சார்.

“எப்ப வருவாரு?”

“அவரு மொத தடவ போறாரு. நமக்கென்ன தெரியும்?” என்ற சார், தெற்குப் பக்கத்தைக் காட்டி, “அங்கேருந்து அடிச்சுட்டு வாங்க” என்றார்.

செண்பகத்துக்கு, அவர் வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தோடு, இன்னொன்றும் கூடவே இருந்தது, அதை நினைக்கவே வெட்கமாக இருந்தது: அவர் அங்கே என்ன பார்த்துக்கொண்டிருப்பார் என்ற ஆவல். கோட்டில் கால் வைத்துப் பின்னாலேயே போயிருக்கலாம். மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இரு. நான் போட்ட ரூலு நிக்கக் கூடாதுங்கிறது. அது தப்புட்டி. நிக்கட்டும், நல்லா நின்னுட்டு வரட்டும்” என்றாள்.

பூச்சு தெற்கு வட்டத்தை முழுக்கத் தின்று, எட்டு வெறும் வட்டமாகி நின்ற பிறகு, கொடிக்கம்பிக்கு அந்தப் பக்கம் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் வெளியே வந்தார். முழங்கால் வரை நனைந்து, கைலியெல்லாம் சேறும் விதையுமாக, தோளில் ஒரு சிலந்தி வலையோடு வந்தவர், அத்தனை பேர் நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் கூசினார். பிறகு செண்பகத்தைப் பார்த்தார்.

“ஓடை இருக்கு” என்றார். “நீ சொன்ன பள்ளந்தான். பாறைக்கு நடுவுல ஒரு மரம் விழுந்து கெடக்கு. சருகு வந்து அதுல அடைச்சு, தண்ணி போக வழியில்லாம இந்தப் பக்கமா ஏறி நிக்கு. அதான் சார் வீட்டுல ஒழுகுது.” சாரைத் திரும்பிப் பார்த்தார். “எடுத்து விட்டா அந்தப் பக்கமாப் போயிரும். ஒருநாள்ல முடியாது. கொஞ்சங் கொஞ்சமா எடுக்கணும். மம்பட்டி வேணும்.”

கட்டடத்தில் இருந்த ஒரே மம்பட்டி கீழே, வாசல் கேட்டை ஒட்டிய மோட்டார் அறையில் இருந்தது. அங்கிருந்து கையை நீட்டினால் சாலை. எடுத்துவர நான் போகிறேன் என்று செண்பகம் வாயைத் திறந்தாள், ஆனால் அவர் அதற்குள் படியில் இறங்கிவிட்டிருந்தார்.

அவள் கைப்பிடிச் சுவருக்கு ஓடினாள். மதினியும் சாரும் மற்றவர்களும் வந்து இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்கள். படிக்கட்டில் நிறம் நிறமான போர்வைகளுக்குப் பின்னால் ஒரு நிழல் திரும்பித் திரும்பி இறங்கியது, நின்றது, இறங்கியது. வாசலில் ஆவுடையப்பன் தெரிந்தார். மோட்டார் அறைக்குள் போனார், மம்பட்டியோடு வெளியே வந்தார். அப்போதுதான் சாலையைப் பார்த்தார். ஒருமுறை கடித்த நாயை அதன் வீட்டு வாசலில் பார்ப்பவர்போல, அசையாமல், கண்ணை எடுக்காமல் பார்த்தார். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு, அது போய் முடிகிற வரைக்கும் நின்றார். பிறகு திரும்பி உள்ளே வந்தார்.

மேலே வந்தபோது மூச்சு வாங்கியது. ஞானதிரவியம் சார் வழியை மறித்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார். “வே, முழுசா நிறுத்திராதீரும். ஒரு குடம் ரொம்புற அளவுக்கு விட்டுரும். அந்தத் தவளை வேற பாவம்.” பூச்சுக்காரரைப் பார்த்து, “வடக்க வேண்டாம். இவ்ளோ போதும்” என்றார்.

செண்பகம் வடக்கே மிஞ்சியிருந்த காவிக் கோட்டின்மேல் உட்கார்ந்து, அவருடைய கைலிக் கரையைப் பிடித்துக்கொண்டாள். ஒட்டுப்புல்லும் முள்விதையும் பேர் தெரியாத இன்னும் எதுவெல்லாமோ அதில் அப்பியிருந்தன. நகத்தால் பின்பக்கமிருந்து தள்ளி முதல் விதையை எடுத்தாள்.

“விடு” என்று அவர் காலை இழுத்துக்கொண்டார். “எதுக்கு இப்ப? திரும்பவும் ஒட்டத்தானே போகுது.”

மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தொட்டியின் நிழலை நோக்கி நடந்தார்.